லைன் கோளாறு யாருக்குச் சொந்தம்?

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், எங்கள் தொலைபேசி அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த இளம் அதிகாரி ஒருவர் என் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கதிரவன் என்று வைத்துக்கொள்வோம். கையில் வெள்ளைத் தாளும் பேனாவும்.

"மேடம், ஊழியர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்காங்க. வாடிக்கையாளரோட தனிப்பட்ட தகவல்னா எது எதுன்னு ஒரு பட்டியல் போடணும். நீங்க அந்தக் காலத்து ட்ரங்க் போர்டுல உட்கார்ந்தவங்க. ஊர் ரகசியம் பூரா காதுல கேட்டவங்க. சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"சட்டத்துல என்ன போட்டிருக்கு சார்?"

"தனிப்பட்ட தகவலைப் பத்திரமா வச்சுக்கணும்னு போட்டிருக்கு. எது தனிப்பட்ட தகவல்ங்கறதை அரசாங்கம் பிற்பாடு அறிவிக்கும்னும் போட்டிருக்கு" என்று சொல்லி அவரே சிரித்துவிட்டார்.

நானும் சிரித்தேன். இந்தப் 'பிற்பாடு'க்காகத்தான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து காத்துக்கொண்டிருந்தேன், வீட்டுக்கே போகப்போகிற நேரமாகியும் அது வந்தபாடில்லை. கதிரவன் பெயர், முகவரி, போன் நம்பர், யாருக்குப் பேசினார், எத்தனை நிமிஷம் பேசினார் என்று வரிசையாக எழுதிக்கொண்டு போனார். எல்லாம் சரிதான். பட்டியல் வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை நான். பட்டியல் இல்லாவிட்டால் கவுண்டர் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் எதைச் சொல்வது, எதை விடுவது என்று திணறிப்போவார்கள். கடைசியில் தாளின் அடியில் கொஞ்சம் இடம் விட்டு, "வேற ஏதாவது உண்டா மேடம்?" என்று கேட்டார். ஒன்று இருந்தது. சொன்னால் இந்த அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று நினைப்பாரோ என்று, "அவ்வளவுதான் சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது வீட்டில் சும்மா இருக்கிறேன். அந்த ஒன்றை எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வருகிற ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எங்கள் எக்ஸ்சேஞ்ச் எந்த ஊரில் இருந்தது என்றும் சொல்லப்போவதில்லை. ராமநாதபுரம் ஜில்லாவில் கடலோரம், அதோடு விட்டுவிடுங்கள். கமுதிப் பக்கம் என்று வரும், தூத்துக்குடி என்று வரும், அவை வேறு ஊர்களாகவும் இருக்கலாம். இவ்வளவு மாற்றிய பிறகும் இதை எழுதலாமா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. பெயரை எடுத்துவிட்டால் ஆளையே மறைத்துவிட்டதாக நினைக்கிறவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1974-இல். தனுஷ்கோடியில் இருந்த வீட்டைப் புயல் கொண்டுபோன பிறகு எங்கள் அய்யா இந்தக் கரைக்கு வந்து, உப்புக் கம்பெனியில் கணக்கு எழுதி எங்களைப் படிக்கவைத்தார். மதுரையில் பயிற்சி. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குரலை ஏற்றாமல் இறக்காமல் பேசப் பழக்கினார்கள். காதில் விழுந்ததை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். பேச்சில் இருந்தது எதையும் சொல்லாதே, அவ்வளவுதான் விதி. இதில் குழம்ப என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

எக்ஸ்சேஞ்சில் நான்கு பெண்கள் வரிசையாகப் போர்டுக்கு முன்னால் உட்காருவோம். காதில் ஹெட்செட். எதிரே துளைகள், ஒவ்வொரு துளைக்கும் மேலே ஒரு சின்ன விளக்கு. வெளியூர் கால் வந்தால் அந்த ஊர் ஆபரேட்டர் விவரம் சொல்வார், நாங்கள் டிக்கெட் என்கிற சீட்டில் எழுதி, ஒயரைத் துளையில் செருகி, மணி அடித்து, "ட்ரங்க் கால், லைனில் இருங்கள்" என்போம். லைன் இருந்தால் கால். மழை பெய்தால், காற்று அடித்தால், கம்பத்தில் பனைமட்டை விழுந்தால் லைன் இருக்காது. அப்போது எங்களுக்கு ஒரே பாட்டுத்தான்: "லைன் அவுட்."

அந்த நாளில் எல்லார் வீட்டிலும் போன் கிடையாது. அதற்காகத்தான் பி.பி. கால் இருந்தது. ஒரு ஊரில் ஒரு கடையிலோ, ஒரு பெரிய வீட்டிலோ போன் இருக்கும். இன்ன ஆளைக் கூப்பிடுங்கள் என்று நாங்கள் அந்தக் கடைக்குச் சொல்வோம். அவர்கள் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், பேச்சு நடக்கும். கல்யாணப் பத்திரிகையில்கூட அடுத்த வீட்டு நம்பரைப் போட்டுப் பக்கத்தில் 'பி.பி.' என்று அச்சடித்துக்கொள்வார்கள். நம்பர் கடைக்காரருடையது, பேச்சு வேறொருத்தருடையது. இதில் எது யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது.

எங்களுக்கு சூப்பர்வைசராக இருந்தவர் பாக்கியம் மேடம். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட சேலை, அதட்டாத குரல். யாரையும் திட்டிப் பார்த்ததில்லை. சாப்பாட்டு வேளையில் எவளாவது ஒருத்தி, "இன்னைக்கு ஒரு கால் வந்துச்சு பாரு..." என்று ஆரம்பித்தால், மேடம் கையில் எடுத்த சோற்றைத் திரும்ப வைத்து, டிபன் பாக்ஸை மூடி, எழுந்து போய்விடுவார். அந்த மூடி விழுகிற சத்தம் போதும். அன்றைக்கு அவர் பட்டினிதான், பிறகு எங்களுக்கு எப்படி இறங்கும்? ஒரு மாதத்தில் நாங்கள் எல்லாரும் வாயைக் கட்டிவிட்டோம்.

ஜன்னலில் வந்து வெளியாட்கள் எதைக் கேட்டாலும் மேடத்திடம் ஒரே பதில்தான். "லைன் இருக்கா இல்லையான்னு கேளுங்க, சொல்றேன். மத்தது எங்க வேலை இல்லை."

காசிம் பாய் என்று ஒரு பெரியவர். சங்கு வியாபாரக் குடும்பம், வீட்டிலேயே போன் உண்டு. மகன் துபாயில். ஒருநாள் வேர்க்க விறுவிறுக்க ஜன்னலுக்கு வந்து நின்றார்.

"தங்கச்சி, எம்மவன் நேத்து ஊருக்கு போன் போட்டானா?"

"நேத்து லைன் நல்லா இருந்துச்சு பாய்" என்றார் மேடம்.

"லைனு கெடக்கட்டும்மா. அவன் மாமியா வூட்டுக்கு மொதல்ல போட்டானா, எங்க வூட்டுக்கு மொதல்ல போட்டானான்னுதான் கேக்குறேன். அல்லாவுக்காகச் சொல்லும்மா."

"மெட்ராஸ் வழி, துபாய் லைன், ரெண்டும் நேத்து பூரா நல்லா இருந்துச்சு பாய்."

பாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நல்லா இருந்த லைன்ல எங்க வூட்டுக்கு மட்டும் ஏம்மா வரல?" என்று கேட்டுவிட்டு, குடையை ஊன்றிக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மேடமும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சொல்லக்கூடாத எதையும் சொல்லாமலே பாய்க்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது என்பது எங்களில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

மல்லிகாவின் கால் வர ஆரம்பித்தது எண்பதுகளின் தொடக்கத்தில்.

தூத்துக்குடி ஆபரேட்டர், "கமுதிப் பக்கம், பி.பி. முத்தம்மா" என்று விவரம் கொடுத்தாள். கமுதிப் பக்கத்து ஊர்களுக்கு எங்கள் போர்டு வழியாகத்தான் போகும். அந்த ஊரில் போன் இருந்த இடம் ஒரு மிளகாய் வத்தல் கமிஷன் கடை. அந்தக் கடைக்குக் கால் போட்டாலே எதிர்ப்பக்கம் தும்மல்தான் முதலில் கேட்கும். நான் ஒயரைச் செருகப்போகிற நேரத்தில், லைனில் காத்திருந்த பெண்குரல் அவசரமாகச் சொன்னது.

"அக்கா, அக்கா, ஒரு நிமிசம். எந்த ஊர்லருந்துன்னு கடையில சொல்லிராதீக. சொன்னீகன்னா வந்து எங்களைய இழுத்துட்டுப் போயிருவாக."

"யாரும்மா?"

"எம் புருசன் வீட்டு ஆளுக. எங்காத்தாகிட்ட மட்டும் நான் இருக்கேன்னு சொல்லணும்க்கா. வேற ஒண்ணுமில்ல."

பி.பி. கால் என்றால் எந்த ஊரிலிருந்து என்று சொல்லித்தான் ஆளைக் கூப்பிடச் சொல்வோம், அதுதான் வழக்கம். வெளியூர் என்று தெரிந்தால்தான் கடைக்காரர் அலுக்காமல் ஆளை அனுப்புவார். நான் லைனை நிறுத்தி வைத்துவிட்டு மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் பென்சிலால் மேசையை மெதுவாகத் தட்டினார்.

"பேச்சு அவளோடது. அதை நாம சொல்லமாட்டோம். ஊர் பேரு யாரோடது?" என்று என்னையே கேட்டார். எனக்கு என்ன தெரியும்? விதியில் ஊர் பேரைப் பற்றி ஒன்றும் இல்லை. பிறகு அவரே சொன்னார்: "நம்ம எக்ஸ்சேஞ்ச் பேரைச் சொல்லு. நம்ம வழியாத்தானே வருது, அது பொய் இல்லை. மேல கேட்டா ட்ரங்க் கால்னு மட்டும் சொல்லு. மத்த பிள்ளைங்ககிட்டயும் சொல்லி வை."

அப்படியே செய்தோம். முத்தம்மா ஓடி வந்து, மூச்சு வாங்க, "ஏ மல்லி... ஏ மல்லி..." என்று அழுதாள். லைன் சரியாகக் கேட்கிறதா என்று கேட்டுவிட்டு நாங்கள் விலகிக்கொள்ள வேண்டும். விலகிக்கொண்டேன்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம் அந்தக் கால் வரும். மல்லிகா ஒரு தையல் கடையில் வேலை பார்த்தாள், வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு. நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று அவளோடு இருந்தது. அவள் புருஷன் அடித்து விலாவை ஒடித்த பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவள் என்பதெல்லாம் மெதுவாகத் தெரிந்தது. நாங்கள் கேட்காவிட்டாலும் காத்திருக்கிற நேரத்தில் அவளே சொல்வாள். முத்தம்மாவை வீட்டிலிருந்து கூட்டி வருகிற வரைக்கும் குழந்தை ரிசீவரைப் பிடுங்கிக்கொள்ளும்.

"லைன்ல யாரு?"

"நான்தான் லைன்" என்பேன்.

"லைனு, அம்மாச்சி வந்துருச்சா?"

போர்டில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசக்கூடாது. மேடம் கேட்டும் கேட்காத மாதிரி இருப்பார். எங்கள் நால்வருக்கும் வெள்ளிக்கிழமை மத்தியானம் என்றால் அந்தக் குழந்தைதான். அது பேசிவிட்டுப் போனால் பொழுது கொஞ்சம் லேசாக இருக்கும்.

மல்லிகாவின் புருஷனுக்கு ஒரு அண்ணன். ராசு என்று வைத்துக்கொள்வோம். வத்தல் தரகர். கமுதிச் சந்தையில் மூட்டை பிடித்து வெளியூருக்கு அனுப்புகிறவர். அதே கமிஷன் கடையில்தான் பாதி நாள் உட்கார்ந்திருப்பார். எங்களுக்கும் பழக்கமான குரல். "மேடம், நம்ம ராசு. இன்னைக்கி விருதுநகர் லைன் எப்படி? தூத்துக்குடி லைன் எப்படி?" என்று வாரத்தில் மூன்று நாளாவது கேட்பார். எல்லா வியாபாரிகளும் கேட்கிற கேள்விதான். விலை கேட்க, சரக்கு ஏற்றியதைச் சொல்ல, அவர்களுக்கு லைன் வேண்டும். இவர்தான் மல்லிகாவுடைய புருஷனின் அண்ணன் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையிலேயே தூத்துக்குடி லைன் விழுந்துவிட்டது. பகல் முழுக்க முயன்றும் எடுக்க முடியவில்லை. மத்தியானம் ஆனதும் நாங்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். முத்தம்மா கடையில் வந்து உட்கார்ந்திருப்பாள் என்று தெரியும். போன் போட்டு, "இன்னைக்கு வராது, வீட்டுக்குப் போங்க" என்று சொல்ல முடியாது. ஏன் வராது என்று கடையில் கேட்பார்கள். பேசாமல் இருந்தோம்.

மறுநாள் காலையில் ராசு போன் செய்தார். "மேடம், நேத்து எந்தெந்த லைன் அவுட்டு? சரக்கு விசயமா பார்ட்டி யாரும் கூப்பிடவே இல்ல, அதான் கேட்டேன்."

மேடம்தான் எடுத்தார். "தூத்துக்குடி மட்டும்தான் போச்சு. மதுரை, விருதுநகர், திருச்சி எல்லாம் நல்லா இருந்துச்சு" என்றார். அந்த மழையிலும் மற்ற லைன்களைக் காப்பாற்றி வைத்திருந்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு வெள்ளிக்கிழமை அதே மாதிரி ஆயிற்று. மறுநாள் அதே கேள்வி, அதே பதில்.

அடுத்த வெள்ளி வானம் வெளுத்திருந்தது. லைன் எல்லாம் சரியாக இருந்தது. தூத்துக்குடியிலிருந்து கால் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. ஊருக்குக் கீருக்குப் போயிருப்பாள், பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும் என்று நாங்களே ஆளுக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம்.

ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு வேளை, ஜன்னலுக்கு வெளியே ஒரு அம்மா வந்து நின்றாள். வெயிலில் கறுத்த முகம், செம்மண் படிந்த கால். "இங்கன போனுக்காரப் பிள்ளைகளு யாரு?" என்று கேட்டாள். அந்தக் குரலை நான் நேரில் கேட்டதில்லை, ஆனால் கேட்ட உடனே தெரிந்துவிட்டது. மேடத்தைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்துவிட்டது. இருவரும் எழுந்து போனோம்.

"முத்தம்மாதானே?" என்றார் மேடம்.

"ஆமா தாயி. எம்மவ இருக்க ஊரை எவருக்கும் சொல்லமாட்டோம்னு நீக சொன்னீகளாமே. பெறகு எந்தச் சாமி வந்து அந்தப் பயககிட்டச் சொல்லுச்சு?"

"எங்க பிள்ளைங்க யாரும் சொல்லலம்மா. சத்தியமா சொல்லல. என்ன ஆச்சு?"

"வேனு வச்சுக்கிட்டுப் போயிப் பிள்ளையத் தூக்கிட்டாக. எம்மவளைத் தொடக்கூட இல்ல. பிள்ளைய மட்டும் தூக்கிப் போட்டுக்கிட்டுப் பொறப்பட்டாக. அவ வேனுக்குப் பின்னாடியே ஓடியாந்து ஏறிட்டா. என்ன செய்வா? பெத்தவ." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப அந்த வீட்டுலதான் இருக்கா. என்னைய வாசப்படி மிதிக்க விடல."

தூத்துக்குடியில் மல்லிகாவோடு கூடப் படித்த பெண் ஒருத்தி வாழ்க்கைப்பட்டிருந்தாளாம், அவள் வீட்டுப் பின்கட்டில்தான் மல்லிகா குடியிருந்தாள். ஊர் எது என்று தெரிந்தால் போதும், வீட்டைக் கண்டுபிடிக்கச் சொந்தக்காரர்களுக்கு ஒரு பொழுது ஆகாது. ஆனால் ஊர் எப்படித் தெரிந்தது? மேடம் எங்கள் நால்வரையும் பார்த்தார். எங்கள் முகத்தில் ஒன்றும் இல்லை. தூத்துக்குடி ஆபரேட்டர் பெண்கள் சொல்லியிருப்பார்களோ என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முத்தம்மாவே சொன்னாள். "அந்த ராசுப்பய கடையில உக்காந்துக்கிட்டு என் மூஞ்சிக்கு நேராவே சொல்றான் தாயி. 'எந்த லைன் செத்த அன்னைக்கு ஒம் மவ போன் வரலையோ அந்த ஊருலதான ஒம் மவ இருக்கணும், ஆபீசுல கேட்டேன், நல்லாத் தெளிவா சொன்னாக'ங்கறான். நெசமா தாயி?"

மேடம் ஜன்னல் கம்பியை, அன்றைக்குக் காசிம் பாய் பிடித்திருந்த மாதிரியே, பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒங்களைய என்ன சொல்ல?" என்றாள் முத்தம்மா. "லைன் இல்லன்னா இல்லன்னுதான சொல்லணும். நீக பொய்யா சொன்னீக?" அவள் திட்டியிருந்தால் கொஞ்சம் பரவாயில்லையாக இருந்திருக்கும். தண்ணீர் கொடுத்தோம், குடித்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். அதன்பிறகு அவளை நாங்கள் பார்க்கவில்லை.

மேடம் திரும்ப வந்து உட்கார்ந்தார். திறந்து வைத்திருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தார். மூடினார். எழுந்து போகவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு எங்களில் ஒருத்தியும் சாப்பிடவில்லை. எனக்கு அழுகை வந்தது, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் மேடம் மேலதிகாரிக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். லைன் நிலவரத்தை இனிமேல் வெளியாட்களுக்குச் சொல்லலாமா கூடாதா என்று கேட்டார். நடந்ததை ஊர் பேர் இல்லாமல் சொன்னார். அதிகாரி நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு அவர் சொன்ன பதிலை மேடம் எங்களிடம் அப்படியே சொன்னார்: "லைன் கோளாறு எந்த ஒருத்தருக்கும் சொந்தமானது இல்லம்மா. அது கம்பத்தோட விஷயம். அதை மறைச்சா ஜனங்க எங்கே போவாங்க?"

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த வாரமே மாரியூரிலிருந்து ஒரு மீன்பிடிக்காரர் வந்தார். மகன் மதுரை ஆஸ்பத்திரியில். "மதுர லைன் இருக்கா தாயி, இல்லைன்னா நான் பஸ்ஸைப் பிடிச்சுப் போறேன்" என்று கேட்டார். அவருக்குச் சொல்லாமல் எப்படி இருப்பது? மேடம் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு கொஞ்ச காலம், யார் லைன் கேட்டாலும் "எதுக்குக் கேக்குறீங்க?" என்று திருப்பிக் கேட்க ஆரம்பித்தார். ஜனங்களுக்குக் கோபம் வந்தது. "லைன் இருக்கான்னு கேட்டா ஜாதகத்தைக் கேக்குறாங்க" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று கத்தினார்கள். ஒரு பெண்பிள்ளை, எதற்கு என்று சொல்லக் கூச்சப்பட்டு, கேட்காமலே திரும்பிப் போனாள். அன்றோடு மேடம் அந்தக் கேள்வியையும் விட்டுவிட்டார். ஒருத்தரைக் காப்பாற்ற இன்னொருத்தர் வீட்டு விஷயத்தைத் தோண்ட வேண்டியிருக்கிறதே என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். அப்புறம் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. ஓய்வு பெற்றுப் போகும்போது சிரித்த முகமாகத்தான் போனார். ஆனால் மழை நாளில் ராசுவின் குரல் லைனில் வந்தால் ஹெட்செட்டை என்னிடம் கொடுத்துவிடுவார். நான் சொல்வேன். "தூத்துக்குடி லைன் அவுட்." வேறு என்ன சொல்ல?

பிறகு எஸ்.டி.டி. வந்தது. நம்பரைச் சுழற்றினால் நேராகப் பேசலாம். பி.பி. போயிற்று, டிக்கெட் போயிற்று, கடைசியில் போர்டையே கழற்றி லாரியில் ஏற்றிவிட்டார்கள். என்னைக் கவுண்டரில் உட்காரவைத்தார்கள். இனி எவர் பேச்சும் நம் காதில் விழாது, தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்தது, பேசின ஒவ்வொரு நம்பரையும் வரிசையாகப் போட்டுப் பில் வந்தது. பில் கட்டுகிறவர் கேட்டால் கொடுக்கலாம் என்றார்கள். சம்பாதிக்கிற புருஷன் பெயரில் போன், வீட்டிலிருந்து பேசுகிறவள் மனைவி. அவர் வந்து பில்லை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்று விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார். அது அவருடைய பில்லா, அவளுடைய பேச்சா, எதிர்ப்பக்கம் எடுத்தவருடைய நம்பரா? விதிப்படி கொடுத்தேன். களைப்பாக இருந்தது, வேறொன்றும் இல்லை.

பாக்கியம் மேடம் போய்ச் சேர்ந்துவிட்டார். மல்லிகா வீட்டைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமலே போனார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்னால் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். கவுண்டரில் ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். என்ன வேலை பார்க்கிறாள், எந்தத் தெரு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். வீட்டுக்குப் புது லைன் கேட்டு வந்திருந்தாள். எழுத்து அழகாக இருந்தது. டைரக்டரியில் பெயர் போடலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். தனியாக இருக்கிற பெண்கள் நிறையப் பேர் அப்படிச் சொல்வதுதான். பணத்தை வாங்கிக்கொண்டு ரசீதைக் கொடுத்தேன். அவள் நகரவில்லை.

"இன்னொண்ணு கேக்கணும்க்கா. அம்மா கட்டாயம் கேட்டுட்டு வரச் சொன்னாக."

"கேளும்மா."

"எங்க ஏரியா லைன் என்னைக்காச்சும் அவுட் ஆச்சுன்னா, வேற ஊர்லருந்து யாராச்சும் போன் போட்டு, எந்த லைன் அவுட்டுன்னு கேட்டா, நீக சொல்லுவீகளா?"

முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலை பார்த்திருக்கிறேன். லைன் எப்போது வரும், ஏன் வரவில்லை, பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. இதைக் கேட்கக்கூடிய வீடு எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒன்றுதான். பெயரைப் பார்த்து நான் அவளைக் கண்டுபிடிக்கவில்லை, ஊரைப் பார்த்தும் இல்லை. ராசு கண்டுபிடித்த மாதிரிதான் நானும் கண்டுபிடித்தேன்.

அவள் அம்மா அந்த வீட்டிலிருந்து வெளியே வந்துவிட்டாள். பிள்ளையோடு வந்துவிட்டாள். எனக்கு அந்தக் கவுண்டரிலேயே வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது, அவ்வளவு சந்தோஷம். எப்போது வந்தீர்கள், அம்மாவுக்கு விலா சரியாயிற்றா, முத்தம்மா இருக்கிறாளா, லைனிடம் அம்மாச்சி வந்துருச்சா என்று கேட்பாயே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க நாக்குத் துடித்தது. கேட்கவில்லை. முன்பின் பார்த்திராத ஒருத்திக்குத் தன் கதை தெரிந்திருக்கிறது என்று தெரிந்தால் அவர்கள் அன்றைக்கே வீட்டைக் காலி செய்துவிடுவார்கள். மேடம் உயிரோடு இருந்திருந்தால் அவரிடமாவது சொல்லியிருப்பேனா என்று பிறகு யோசித்தேன். சொல்ல வாயெடுத்திருந்தால் டிபன் பாக்ஸை மூடியிருப்பார்.

அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். இல்லை, சொல்லமாட்டோம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவள் அதை நம்பிக்கொண்டு போவாள்.

"சொல்லுவோம்மா" என்றேன். "யாரு கேட்டாலும் சொல்லுவோம். அதை மறைக்கச் சொல்லி விதி இல்லை."

அவள் முகம் வாடவில்லை. நான் ஏதோ மாதக் கட்டணம் சொன்ன மாதிரி கேட்டுக்கொண்டாள். ரசீதை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"சரிக்கா. அப்ப வாரா வாரம் ஒரே கிழமையில ஊருக்குப் பேசாம, கிழமையை மாத்தி மாத்திப் பேசிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, வரிசையில் பின்னால் நின்றவருக்கு வழி விட்டு ஒதுங்கிப் போனாள்.